கியர்பாக்ஸை இறக்கணும் என்று சொன்னால்

இடது முழங்கால் தேய்ந்துபோய் கிளட்ச் மிதிக்க முடியாததால், பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினேன். ஒருநாள் காலை, தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே கியர் லீவர் ‘பி’யை (பார்க்கிங்) விட்டு நகரவில்லை. வந்து பார்த்தவர், “கியர்பாக்ஸ இறக்கணும்மா” என்றார். கடைசியில் பழுது இருந்தது பிரேக் பெடலுக்கு மேலே, கட்டைவிரல் அளவு சுவிட்சில்.

அதனால் லீவர் நகராவிட்டால் முதலில் பிரேக்கை மிதித்து, பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். உதவிக்கு ஆளில்லையா? பின்னால் இருக்கும் கடை ஷட்டரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்தாலே போதும். எரியாவிட்டால் ஃபியூஸ், இல்லையென்றால் சுவிட்ச். பிரேக்கில் கால் இருக்கிறது என்ற தகவல் போகாததால் லீவரின் பூட்டு திறக்கவில்லை, அவ்வளவுதான். பல வண்டிகளில் லீவரை ஒட்டி ஒரு சின்ன மூடி இருக்கும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, மூடியை எடுத்து, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் உள்ளே அழுத்தியபடி ‘என்’னுக்கு (நியூட்ரல்) லீவரைத் தள்ளலாம். அப்படியே ஸ்டார்ட்டும் ஆகும். ஆனால் பிரேக் விளக்கு இல்லாமல், பின்னால் டிரெய்லர் வரும் ரோட்டில் ஏறாதீர்கள்.

அடுத்து பேட்டரி. காசிமேட்டு உப்புக்காற்று நம் வீட்டு கேட்டையே தின்கிறது, டெர்மினலை விடுமா? வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். வண்டியின் பாடிக்குப் போகும் எர்த் வயர் அரித்துவிட்டால் கியரை மாற்றும் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் சரியாகப் போகாது, கியர் கண்டபடி மாறும். இரவெல்லாம் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 12க்குக் கீழே இருந்தால் கியர்பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள். சுத்தம் செய்ய ஆப்பசோடா கரைத்த வெந்நீர் போதும். மைனஸ் வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

அப்புறம்தான் கியர்பாக்ஸ் ஆயில். ‘டி’யில் (டிரைவ்) போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்து வண்டி தூக்கி அடித்தால் ஆயில் குறைந்திருக்கலாம். இந்த ஆயில் எரிந்து தீராது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அட்டையை விரித்து இரவில் நிறுத்திப் பாருங்கள். டிப்ஸ்டிக் (ஆயில் அளக்கும் கம்பி) உள்ள வண்டியில் மேனுவல் சொல்கிற முறைப்படி அளந்து, ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் வையுங்கள். தெளிந்த சிவப்பு என்றால் நல்லது. கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் உள்ளே தேய்மானம். ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, ஸ்டார்ட்கூடப் பண்ணாதீர்கள். மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் வண்டியை இறக்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சிவிடி (பல்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் கியர்பாக்ஸ்) வண்டிக்கு ஆயிலே வேறு. கையில் இருக்கிறதே என்று சாதாரண ஆயிலை ஊற்ற விடாதீர்கள்.

ஏஎம்டி வண்டியின் கதை தனி. அதில் இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மெஷின் மிதிக்கிறது. மிண்ட் மேம்பாலத்து ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தினால் கிளட்ச் பிளேட் தீயும். போகப்போக இழுவை குறையும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கியர் ஏறாமல் ஒரே கியரில் நின்றால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போடச் சொல்லி, அது காட்டும் பழுதுக் குறியீட்டை நீங்களே எழுதி வாங்குங்கள். பி0700 மட்டும் வந்தால் ‘கியர்பாக்ஸில் ஏதோ புகார்’ என்றுதான் அர்த்தம், கூடவே வரும் இன்னொரு குறியீடுதான் முக்கியம். பி0715, பி0720 என்றால் வேக சென்சார், அதன் வயர், கனெக்டர். பல வண்டிகளில் இதை வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். பி0730 (கியர் விகிதம் சரியில்லை) வந்து, இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் எகிறியும் வேகம் ஏறவில்லை என்றால் வண்டியை ஓரங்கட்டுங்கள்.

கயிறு கட்டி இழுக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். முன்சக்கரத்தில் ஓடும் வண்டியென்றால் அந்த இரண்டு சக்கரமும் தரையில் உருளக் கூடாது. நான்கு சக்கரத்தையும் மேலே ஏற்றும் வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.