கடைக் கோழிக்கறி ரப்பராக இருக்கிறதா, கொழகொழக்கிறதா? காரணம் கண்டுபிடிக்கும் வழி

மென்று மென்று வாய் வலிக்கிறது, நார் நாராகப் பிரிகிறது, சட்டி முழுக்கத் தண்ணீர் விட்டுவிட்டது. இப்படி ஏதாவது நடந்தால் வீட்டில் எல்லோரும் முதலில் சமைத்தவரைத்தான் குறை சொல்வார்கள். பல சமயம் தப்பு சமையலில் இருக்காது. கோழி வளர்ந்த விதத்தில் இருக்கலாம், வெட்டியதற்கும் சமைத்ததற்கும் நடுவில் போன நேரத்தில் இருக்கலாம், அடுப்பைச் சந்தேகப்படுவது கடைசியில்தான். நாமும் அதே வரிசையில் பார்ப்போம்.

படி 1: என்ன கோழி என்று கேளுங்கள்

கறிக்கடையில் கிடைக்கும் பிராய்லர், சுமார் 40 நாளில் 2 கிலோவைத் தொட்ட இளம் பறவை. அதன் கறி கடினமாக இருப்பதற்கு வயது காரணமாக இருக்க முடியாது. முட்டைக்கோழி அப்படியில்லை. ஒன்றரை வயது போல ஆகும்வரை முட்டையிட்டு ஓய்ந்த பிறகுதான் அது கறிக்கு வருகிறது, தசையைச் சுற்றியுள்ள சவ்வு அதற்குள் முற்றியிருக்கும். விலை குறைவு என்று வாங்கி பிராய்லர் போல வறுத்தால் கடிக்கவே முடியாது. குக்கரில் தாராளமாக விசில் விட்டு, குழம்பாகவோ சூப்பாகவோ வைத்தால் அந்தச் சவ்வு கரைந்து நல்ல ருசி கொடுக்கும். அதனால் வாங்கும்போதே "பிராய்லரா, முட்டைக்கோழியா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

படி 2: நெஞ்சுக்கறியை விரலால் அழுத்திப் பாருங்கள்

சூப்பர் மார்க்கெட்டில் போன்லெஸ் நெஞ்சுத் துண்டு வாங்குபவர்கள், முக்கியமாக அமெரிக்கா, கனடா பக்கம் இருப்பவர்கள், இந்தப் படியைத் தாண்டிப் போகவேண்டாம். அங்கே கோழியை 3 கிலோ, 4 கிலோ வரை வளர்க்கிறார்கள், நெஞ்சுப் பகுதி பெரிதாக வரவேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனங்கள் அவை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் பழையது சுமார் 900 கிராம் இருந்தது, புதியது 4 கிலோவைத் தாண்டியிருந்தது. தீவனம் ஒன்றுதான் என்பதால் இந்த வித்தியாசம் முழுக்க இனத் தேர்வில் வந்தது. ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று நம்மூரில் பரவலாகச் சொல்வது சரியில்லை, ஊசியே இல்லாமல்தான் இவ்வளவும்.

தசை இந்த வேகத்தில் பருக்கும்போது அதற்குப் போகிற ரத்த ஓட்டம் ஈடுகொடுக்காமல் போகிறது. தசை நார் செத்து, அந்த இடத்தில் தழும்புபோல் கெட்டித் திசு வளர்கிறது. ஆங்கிலத்தில் இதை 'வுடன் பிரெஸ்ட்' என்கிறார்கள். வாங்கும்போதே கண்டுபிடிக்கலாம்:

- கழுத்துப் பக்கமுள்ள தடித்த பகுதியை அழுத்துங்கள். நல்ல கறி மெத்தென்று அமுங்கும். இது விறைப்பாக, கட்டை போல இருக்கும், நிறம் வெளுத்து மேடு தட்டியிருக்கும்.
- வீட்டுக்கு வந்ததும் துண்டின் நடுவில் கைவைத்துத் தூக்குங்கள். நல்ல கறி இரண்டு பக்கமும் தொங்கும், இது வளையாது.
- மேலே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் நீளவாக்கில் ஓடினால் அது கொழுப்பும் இணைப்புத் திசுவும். கோடு லேசாக இருந்தால் கவலை வேண்டாம், தடிமனாக நிறைய இருந்தால் வேறு பாக்கெட் எடுங்கள்.
- கிள்ளினாலே நூல் நூலாகப் பிரிந்து வந்தால் அது இன்னொரு கோளாறு. 'ஸ்பாகெட்டி மீட்' என்று அதற்குப் பெயர்.

இதைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மசாலாவைச் சரியாக இழுக்காது, வேகும்போது தண்ணீரை விட்டுக் காய்ந்துவிடும், எவ்வளவு ஊறவைத்தாலும் அந்த நறநறப்பு போகாது. வாங்கிவிட்டீர்கள் என்றால் முழுத் துண்டாகப் பொரிப்பதை விட்டுவிட்டு, கொத்துக்கறியாக அரைத்துத் தொடைக்கறியோடு கலந்து கோலா உருண்டை, கட்லெட் என்று செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை தொடைக்கறி கேளுங்கள், இந்தக் கோளாறு பெரும்பாலும் நெஞ்சோடு நின்றுவிடும்.

படி 3: வெட்டி எவ்வளவு நேரம் ஆயிற்று?

நம்மூர்க் கறிக்கடைப் பிரச்சினை இதுதான், யாரும் கவனிப்பதும் இல்லை. கண்ணெதிரே வெட்டி வாங்குவதுதான் புதுசு, அதுதான் நல்லது என்று நினைக்கிறோம். புதுசு என்பது சரிதான், ஆனால் வெட்டிய சிறிது நேரத்தில் தசை விறைக்க ஆரம்பிக்கும், பல மணி நேரம் கழித்துத்தான் தளரும். அந்த விறைப்பு நேரத்தில் எலும்பிலிருந்து கறியைப் பிரித்தாலோ நேராக அடுப்பில் ஏற்றினாலோ தசை சுருங்கி இறுகிவிடும். பெரிய ஆலைகளில்கூட நெஞ்சை எலும்பிலிருந்து எடுப்பதற்கு முன் 4 மணி நேரம் போலக் குளிரில் வைப்பது இதற்காகத்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு சனிக்கிழமை மாலையே வாங்கிவிடுங்கள். எலும்போடு பெரிய துண்டாக வெட்டித் தரச் சொல்லி, மூடிபோட்ட பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே வைத்து விறைப்பு போகட்டும் என்று காத்திருக்கவே கூடாது, நம்மூர் வெயிலில் கெட்டுப்போகும். சூடு ஆறாத கறியை நேராக ஃபிரீசரில் தள்ளுவதும் தப்பு. விறைப்பு முடியாமல் உறைந்த தசை, உருகும்போது இன்னும் பலமாகச் சுருங்கி நீரையெல்லாம் வெளியே தள்ளும். முதலில் ஃபிரிட்ஜ், மறுநாள் ஃபிரீசர்.

படி 4: தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பாக்கெட்டின் அடியில் நிற்கும் இளஞ்சிவப்புத் தண்ணீரை ரத்தம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அது தசையிலிருந்து கசிந்த நீரும் நிறமியும்தான். ஆனால் அது நிறைய இருந்தாலோ, உறைந்த பாக்கெட்டின் ஒரு மூலையில் சிவப்பு ஐஸ் கட்டியாகத் தேங்கியிருந்தாலோ, ஒருமுறை உருகி மறுபடி உறைந்த சரக்காக இருக்கலாம், எடுக்காதீர்கள். வெளிநாட்டுப் பாக்கெட்டுகளில் உப்புக் கரைசல் ஏற்றியிருந்தால் லேபிளில் போட்டிருக்கும். அந்தக் கறிக்கு மசாலாவில் உப்பைக் குறைத்துவிடுங்கள். ஃபிரீசரில் இருந்ததை முந்தின இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றி மெதுவாக உருகவிடுங்கள்.

படி 5: இப்போது அடுப்பு

இதுவரை எல்லாம் சரியாக இருந்தும் கறி காய்கிறது என்றால் அதிகமாக வேகவைக்கிறீர்கள். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் போதும். போன்லெஸ் நெஞ்சுக்கறியைக் குக்கரில் போட்டு 4 விசில் விட்டால் நார்தான் மிஞ்சும், அதைத் திறந்த சட்டியில் கடைசியாகப் போடுங்கள்.

நெஞ்சுக்கறி காயாமல் இருக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, துண்டுகளை அதில் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறவிடுங்கள். ஏற்கெனவே உப்பு ஏற்றிய கறிக்கு இது வேண்டாம். கறியை மெதுவாக்கப் பப்பாளிக்காய் விழுது நல்லதுதான், ஆனால் கொஞ்சம் கூடினாலும் நேரம் தாண்டினாலும் கறியின் மேல்புறம் கொழகொழவென்று ஆகிவிடும். தொடங்குபவர்களுக்கு நான் தயிரைத்தான் சொல்வேன்.

எதைத் தூக்கிப்போட வேண்டும்?

வெந்தபின் எலும்புப் பக்கம் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், இளம் கோழியை உறையவைக்கும்போது மஜ்ஜை கசிந்து வரும் நிறம் அது. நெஞ்சுக்கு உள்ளே இருக்கும் சின்னத் துண்டு பச்சை நிறமாக இருந்தால், கோழி சிறகைப் பலமாக அடித்ததில் ரத்தம் போகாமல் செத்த தசை. நஞ்சு இல்லை, இருந்தாலும் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். காற்று நீக்கிய பாக்கெட்டைத் திறந்ததும் வரும் வாடை சில நிமிடத்தில் போய்விடும்.

போகாமல் புளித்த வாடை அடித்தாலோ, கழுவியும் கை பிசுபிசுத்தாலோ மஞ்சள் தூளும் எலுமிச்சையும் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அப்படியே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், பில் இருந்தால் படம் எடுத்துக் கடையில் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.