ஒகேனக்கல்: எத்தனை கன அடியில் என்ன பார்க்கலாம்

ஒகேனக்கல்லுக்குக் கிளம்பும் முன் ஓர் எண்ணைப் பார்த்துவிடுங்கள்: பிலிகுண்டுலுவில் அன்று காலை அளந்த நீர்வரத்து. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் அந்த இடத்தில்தான் மத்திய நீர்வள அதிகாரிகள் தண்ணீரை அளக்கிறார்கள். செய்தியில் "வினாடிக்கு இத்தனை கன அடி" என்று வருவது அந்தக் கணக்கு. இதைப் பார்க்காமல் குடும்பத்தோடு வண்டி கட்டி வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு மீன் மட்டும் சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள் ஆடி மாதத்தில் ஏராளம்.

ஆயிரம் கன அடிக்குக் கீழே போய்விட்டால் பாறைதான் அதிகம் தெரியும். அப்போது அருவியை எதிர்பார்த்து வராதீர்கள். பாறை இடுக்கில் பரிசலில் போகத்தான் அது நல்ல நேரம். 5,000 முதல் 8,000 வரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பலாம். ஐந்தருவியும் விழும், பரிசலும் பெரும்பாலும் ஓடும். அதற்கு மேல் ஏற ஏற, மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளியலையும் நிறுத்தும். 2022, 2024 ஆண்டுகளில் போல லட்சத்தைத் தாண்டினால் ஐந்தருவி இருந்த இடமே தெரியாது, எல்லாம் ஒரே செந்நீர்.

இங்கே வெயில் கொளுத்துகிறதே என்று ஏமாறக் கூடாது. மழை பெய்ய வேண்டியது குடகிலும் வயநாட்டிலும். கர்நாடகத்தின் கபினி அணை சின்னது, சீக்கிரம் நிரம்பும். அதைத் திறந்தால் ஓரிரண்டு நாளில் இங்கே தண்ணீர் ஏறும். ஆகவே ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கபினி, கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்) அணைகளின் நீர்த் திறப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். பென்னாகரத்துக்கு அப்பால் காட்டுச் சாலை, இறக்கம், வளைவு. சின்ன கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

போனதும் முதலில் மீனை ஒப்படையுங்கள். கடையில் வாங்கிக் கொடுத்தால் பக்கத்திலேயே சமைத்துத் தரும் அக்காமார் இருக்கிறார்கள். கூலி கிலோ கணக்கு. "ஆத்து மீனா, ஐஸ் மீனா?" என்று கேட்டுவிட்டு, செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பு என்றால் அடுத்த கடை. பாதி குழம்பு, பாதி வறுவல் என்று சொல்லி, காரத்தையும் சொல்லிவிட்டுப் பரிசலுக்குப் போனால், திரும்பும்போது சாப்பாடு தயாராக இருக்கும். இந்த வரிசையை மாற்றினால் பசியோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டியதுதான்.

பரிசலுக்குக் கவுன்டரில் சீட்டு வாங்குங்கள், வழியில் மடக்கும் ஆளிடம் பேரம் வேண்டாம். தண்ணீரைப் பொறுத்துத் துறையும் தூரமும் மாறும் என்பதால், ஐந்தருவி வரை போகுமா, மணல்திட்டோடு திரும்புமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் எல்லா பக்கிளையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது. ஆட்கள் எதிரெதிரே சமமாக உட்கார வேண்டும். போட்டோவுக்காக எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் பரிசலும் சாயும். செல்போன் ஜிப் கவரில் இருக்கட்டும்.

ஆயில் மசாஜ் செய்துகொள்வதாக இருந்தால் உட்காரும் முன்பே ரேட் பேசிவிடுங்கள். முடிந்ததும் உள்ளங்காலை நன்றாகத் துடையுங்கள்: எண்ணெய்க் காலோடு மெயின் அருவிப் படியில் வழுக்குவதுதான் இங்கே வழக்கமான காயம். கம்பித் தடுப்பு இல்லாத இடத்தில், ஊட்டமலைப் பக்கமோ ஆலம்பாடிப் பக்கமோ, ஆற்றில் இறங்கவே வேண்டாம். மேலே அசையாமல் கிடக்கும் தண்ணீருக்கு அடியில் பாறைக்குழியும் சுழலும் இருக்கும். காவிரியில் முதலையும் உண்டு.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு எங்கள் சிபாரிசு நாகமரை. பென்னாகரத்திலிருந்து ஏரியூர், நெருப்பூர் வழியாகப் போனால் மேட்டூர் அணையின் தேங்கு நீர், கடல் மாதிரி விரிந்து கிடக்கும். எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. இடையே ஊர்க்காரர்கள் போய்வரும் படகு உண்டு. காற்று பலமாக அடித்தால் ஓட்ட மாட்டார்கள், அதனால் காலையிலேயே போங்கள். அணையின் முழு மட்டம் 120 அடி. 70 அடியை ஒட்டி இறங்கிவிட்ட வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் ஒரு தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்கு வெளியே வரும். ஒகேனக்கல் காய்ந்து கிடக்கும் கோடையில் இங்கேதான் பார்க்க இருக்கிறது.

ஓசூர்க்காரர்கள் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக வரலாம். அருமையான காட்டு வழி, ஆனால் யானை நடமாடும் இடம். பொழுது சாய்வதற்குள் கடந்துவிட வேண்டும். சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்காமல், தள்ளி நிறுத்திக் காத்திருங்கள். பெட்ரோலைத் தேன்கனிக்கோட்டையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அரூர்ப் பக்கம் தங்குகிறவர்கள் தீர்த்தமலைக்கு ஒரு காலையை ஒதுக்கலாம். பாறை உச்சியிலிருந்து ராமர் தீர்த்தம் தலையில் நேராக விழும். வெயில் ஏறினால் படி சுடும் என்பதால் ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள். தேங்காய், பழப் பையைத் துணிப்பைக்குள் மறைத்து வையுங்கள். பிளாஸ்டிக் கவர் சலசலத்தாலே குரங்கு வந்துவிடும்.