பண்ட் ஆட்டத்தில் நடுவர்கள் எங்கே நிற்க வேண்டும்? ஐவர் குழுவுக்கான செய்முறை

அமெரிக்கக் கால்பந்தில் நடுவராகப் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது பண்ட் பற்றித்தான், அதாவது பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையில் படுமுன் உதைத்து எதிரணிக்கு அனுப்பும் ஆட்டம். மற்ற ஆட்டங்களில் பெரும்பாலும் பந்து பக்கத்திலேயே இருக்கும். பண்டில் ஒரே உதையில் முப்பது, நாற்பது யார்டு தள்ளிப் போய்விடும், அத்தனை தூரத்தையும் ஐந்து பேர் பார்த்தாக வேண்டும். தொடக்கத்திலேயே சரியான இடத்தில் நிற்காவிட்டால் பிறகு ஓடிச் சமாளிக்க முடியாது. நான் சொல்வது உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களின் ஐவர் குழுவுக்கு. டவுன் (பந்தை முன்னே கொண்டுபோக ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), ஸ்னாப் (பந்தைப் பின்னே தந்து ஆட்டத்தைத் தொடங்குவது), நியூட்ரல் ஸோன் (தொடக்கத்தில் இரு அணிகளுக்கும் நடுவே பந்தின் நீளத்துக்கு இருக்கும் இடைவெளி) எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஸ்னாப்புக்கு முன்

ரெஃபரி பண்டருக்கு (பண்ட் உதைப்பவருக்கு) சற்றுப் பின்னால், சில யார்டு பக்கவாட்டில் விலகி நிற்கிறார். எந்தப் பக்கம் என்பதை உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். உதைக்கும் காலும் ஓடிவரும் தடுப்பாட்டக்காரரும் ஒரே பார்வையில் விழ வேண்டும், அதுதான் முக்கியம். பண்டர்மேல் லேசாக மோதினால் 5 யார்டு, முரட்டுத்தனமாக மோதினால் 15 யார்டும், உதைத்த அணிக்கே மறுபடி முதல் டவுனும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியவர் அவர். மோதியவர் முதலில் பந்தைத் தொட்டாரா என்பதையும் அவர் பார்த்திருக்க வேண்டும்.

அம்பயர் பந்தைப் பெறும் அணியின் பக்கம், ஸ்னாப்புக்குப் பந்து வைத்திருக்கும் கோட்டிலிருந்து ஏழு யார்டு அளவில் நிற்பார். ஸ்னாப் செய்பவரைக் காப்பது அவர் வேலை. பண்ட் அமைப்பில் 50 முதல் 79 வரை எண் இல்லாதவர்களும் உள்வரிசையில் நிற்க விதிவிலக்கு உண்டு. அதனால் யாரெல்லாம் பாஸ் பிடிக்கத் தகுதியில்லாதவர்கள் என்று ஸ்னாப்புக்கு முன்பே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். போலி பண்ட் (உதைப்பதுபோல் காட்டிவிட்டுப் பாஸ் எறிவதோ ஓடுவதோ) வந்துவிட்டால் அப்புறம் யோசிக்க நேரம் கிடைக்காது.

லைன்ஸ்மேனும் லைன் ஜட்ஜும் அதே கோட்டின் இரு முனைகளில். உதைத்த பந்து நியூட்ரல் ஸோனைத் தாண்டியதா என்று பார்க்க ஒருவராவது அங்கேயே இருந்தாக வேண்டும். தாண்டாத பந்தை உதைத்த அணியே எடுத்துக்கொண்டு ஓடலாம். யார் நிற்பது, யார் முன்னே போவது என்று ஆட்டத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

பேக் ஜட்ஜ் பந்தைப் பிடிக்கக் காத்திருப்பவருக்குப் பக்கவாட்டில் ஐந்தாறு யார்டு தள்ளி, சற்றுப் பின்னால்.

பந்து காற்றில் இருக்கும்போது

மேலே பார்க்காதீர்கள். பந்து எங்கே வருகிறது என்பதைப் பிடிப்பவரின் கண்ணும் காலும் காட்டிக்கொடுத்துவிடும். பேக் ஜட்ஜ் அண்ணாந்து பார்த்தால் ஃபேர் கேட்ச் சைகையை (பந்தைப் பிடித்தபின் ஓடமாட்டேன், என்னைத் தடுக்காதீர்கள் என்று பிடிப்பவர் காட்டுவது) தவறவிடுவார். கையைத் தலைக்கு மேல் முழுதாக நீட்டி, பக்கவாட்டில் ஆட்டினால்தான் அது செல்லும்.

காற்றிலேயே வெளியே போகும் பந்து

எனக்குப் புரிய நேரம் பிடித்த இடம் இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். உருண்டு எல்லையைத் தாண்டும் பந்து என்றால் பக்கத்தில் இருக்கும் நடுவரே இடத்தைக் காட்டிவிடலாம். தலைக்கு மேலே உயரத்தில் பறந்து வெளியே போகும் பந்தில் அது முடியாது. எந்த இடத்துக்கு நேரே எல்லையைக் கடந்தது என்று அடியில் நிற்பவருக்குத் தெரியாது. பந்து பறந்த கோட்டுக்குப் பின்னால் நிற்கும் ரெஃபரிக்குத்தான் அது தெரியும்.

எனவே ரெஃபரி பந்தைத் துரத்தக்கூடாது. பண்டர் உதைத்த இடத்துக்கு வந்து, பந்து எல்லையைக் கடந்த திசையில் தூரத்தில் இருக்கும் ஒரு விளக்குக் கம்பத்தையோ மரத்தையோ கண்ணில் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லையில் இருப்பவர் தான் நினைத்த இடத்தையும் தாண்டி ஓடி, திரும்பி, கையை உயர்த்தியபடி ரெஃபரியைப் பார்த்துக்கொண்டே கோட்டின் மேல் மெதுவாக நடந்து வர வேண்டும். அவர் அந்த நேர்கோட்டுக்கு வந்ததும் ரெஃபரி உயர்த்திய கையைச் சட்டென்று கீழே இறக்குவார். அங்கேயே நின்றுவிட வேண்டும், அதுதான் இடம்.

தாண்டி ஓடிவிட்டுத் திரும்பி வருவது எதற்கு? முன்னோக்கியே போனால் முதுகு ரெஃபரியின் பக்கம் இருக்கும், கை இறங்குவதைப் பார்க்க முடியாது.

கருவிகள்

பீன் பேக் (இடத்தைக் குறிக்கத் தரையில் போடும் சிறு பை) இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதாது. உதைத்த அணி பந்தை முதலில் தொட்ட இடத்தில் ஒன்று, உதை முடிந்த இடத்தில் இன்னொன்று. பெறும் அணி உதையின்போது செய்த சில குற்றங்களுக்கு இந்த இரண்டாவது இடத்திலிருந்துதான் தண்டனையைக் கணக்கிடுவார்கள். விசிலில் நான் விரலில் மாட்டும் வகையைத்தான் சொல்வேன். வாயிலேயே கவ்வியிருந்தால் பந்து காற்றில் இருக்கும்போது தவறி ஊதிவிட வாய்ப்பு அதிகம். ஊதினால் டவுனையே மறுபடி ஆட வேண்டும்.

பிற்சேர்க்கை

கோல் கோட்டுக்கு அருகே என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பந்து அந்தப் பக்கம் வருவது தெரிந்தால் பேக் ஜட்ஜ் பிடிப்பவரை விட்டுவிட்டுக் கோல் கோட்டுக்கே போய்விட வேண்டும். பள்ளி விதிப்படி பண்ட் அந்தக் கோட்டுக்கு நேர்மேலே, காற்றில்கூட, எட்டினாலே டச்பேக்; ஆட்டம் அங்கே நின்றுவிடும், பெறும் அணி அடுத்த ஆட்டத்தைத் தன் 20 யார்டு கோட்டிலிருந்து தொடங்கும். உதைத்த அணிக்காரர் ஒரு யார்டு கோட்டில் பந்தைத் தட்டி நிறுத்தப் பார்க்கும்போது, பந்து தாண்டியதா இல்லையா என்பதைக் கோட்டின் மேல் நிற்பவரால்தான் சொல்ல முடியும்.