எட்டாவது மாதத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்: புகையை விட்டவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகரெட்டை விட்ட முதல் வாரத்தில் எல்லோரும் விசாரிப்பார்கள். இன்று எப்படி இருக்கிறது என்று மனைவி முகத்தைப் பார்த்துக் கேட்பாள். அலுவலகத்தில் ஒருவர் புளிப்பு மிட்டாய் நீட்டுவார். எட்டாவது மாதத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். விட்டாயிற்று, முடிந்துபோன விஷயம் என்று வீடு நினைத்துக்கொள்ளும். விட்டவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார். நான் சறுக்கியது அந்த எட்டாவது மாதத்தில்தான்.

பெரியப்பா இறந்த அன்று. பந்தலுக்குப் பின்னால், பாடை கட்டும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, பங்காளிகள் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் எதுவும் பேசாமல் பாக்கெட்டைத் திறந்து என் பக்கம் நீட்டினார். அழுது களைத்தவனுக்குத் தண்ணீர்ச் சொம்பை நீட்டுகிற அதே அன்போடுதான் நீட்டினார். என் சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது. என்னோடு சேர்ந்து புகையை விட்ட நான்கு பேரின் எண்கள் அதில் இருந்தன. அரசு மருத்துவமனையின் புகையிலை மீட்புப் பிரிவில் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்று பேசிவைத்திருந்தோம். ஆனாலும் நான் கூப்பிடவில்லை. சாவு வீட்டில் நின்றுகொண்டு இதற்கெல்லாமா ஒருவரைத் தொந்தரவு செய்வது என்று தோன்றியது. அடுத்த மூன்று வாரம் நாளுக்கு ஆறு, ஏழு என்று பிடித்தேன். அந்த நான்கு பேரிடமும் மூச்சு விடவில்லை.

சிகரெட்டைப் பற்றவைத்தது தவறுதான். அதைவிடப் பெரிய தவறு வாயை மூடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும், புகையை விட்டுச் சில மாதமான ஒருவர் திடீரென்று பேச்சைக் குறைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

உடம்பு மறந்தாலும் இடம் மறப்பதில்லை

புகையை நிறுத்தியதும் வருகிற எரிச்சல், தூக்கமின்மை, மனம் ஒரு வேலையில் நிற்காமல் அலைவது எல்லாம் முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கிவிடும். நிகோடினுக்குப் பழகிப் பெருகியிருந்த மூளையின் ஏற்பிகளும், அதாவது நிகோடின் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களும், சில மாதங்களுக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகின்றன. அப்படியென்றால் எட்டாவது மாதத்தில் கை ஏன் நீள்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்குப் பத்து சிகரெட், ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் 36,500 இழுப்பு. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தோடு, ஏதோ ஒரு மனநிலையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்றின் நுனியில் கனலும் நெருப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கை கழுவிவிட்டு வெளியே வரும் அந்த நிமிடம், வராத பஸ்ஸுக்காக நிற்கும் நிறுத்தம், கல்யாண வீட்டில் சீட்டாடும் இரவு. தினமும் கடக்கிற இடங்களில் தையல் சீக்கிரம் பிரிந்துவிடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை வருகிற இடங்களில் அது அப்படியே இருக்கும். எட்டு மாதத்தில் நான் டீக்கடையை நூறு முறை கடந்திருந்தேன். சாவு வீட்டுக்கு அன்றுதான் போனேன்.

இது தெரியாததால் இரண்டு விதமாக ஏமாறுகிறோம். திடீரென்று ஆசை எழுந்தால், "இத்தனை மாதம் கழித்தும் இப்படி என்றால் நான் விடவேயில்லை" என்று சிலர் மனம் உடைந்துபோகிறார்கள். ஆசையே வராத சிலரோ, "இனி என் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, ஒன்று பிடித்துப் பார்த்தால் என்ன" என்று சோதித்துப் பார்க்கிறார்கள். இந்தச் சோதனையில் இறங்கியவர்களில் ஒன்றோடு நின்றவர் எங்கள் வட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆசை வந்ததற்காக வெட்கப்பட வேண்டாம். வரவில்லை என்பதற்காகப் பந்தயம் கட்டவும் வேண்டாம்.

விரதம் முறிந்தவன் மனநிலை

ஏகாதசி விரதத்தில் மறந்துபோய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டவர், "முறிந்தது முறிந்துவிட்டது, இனி என்ன" என்று இலை போட்டு உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் மதுவிலும் புகையிலும் இந்த மனநிலையைத்தான் விரிவாக ஆராய்ந்தார். ஒரு சறுக்கல் முழு வீழ்ச்சியாக மாறுவதற்கு முக்கியக் காரணம் அதன் பிறகு எழும் குற்ற உணர்வு என்றார் அவர். நான் இவ்வளவுதான், என்னால் முடியாது என்ற எண்ணம் வந்ததும் அடுத்த சிகரெட்டைத் தடுக்க உள்ளே ஆள் இல்லாமல் போகிறது.

எனக்கு நடந்தது அதுவேதான். இருபத்திரண்டாம் நாள் கைப்பேசி அடித்தது. எங்கள் ஐவரில் மூத்தவர், கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்.

"தம்பி, சத்தமே இல்லையே. நாளுக்கு எத்தனை ஆகிறது?"

மறைக்க வழியே வைக்காத கேள்வி. "ஆறு, ஏழு அண்ணா" என்றேன்.

"முதலாவது எங்கே?"

"பெரியப்பா சாவில்."

கொஞ்ச நேரம் அவர் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "நாளைக் காலையில் பட்டறைக்கு வாருங்கள் தம்பி. மிச்சம் இருக்கிற பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார்.

போனேன். லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்ட் நீர் பழசாகியிருந்தது; கீழே கொட்டுவதற்காக அதை ஒரு வாளியில் பிடித்து வைத்திருந்தார். பாக்கெட்டை என்னிடமே கொடுத்து, ஒவ்வொன்றாக அதில் போடச் சொன்னார். பால் கலங்கினாற்போன்ற அந்த நீரில் தாள் ஊறிப் பிரிந்தது. புகையிலைத் தூள் இரும்புச் சுருள்களோடு சேர்ந்து மிதந்தது. நான்கு சிகரெட். நான்காவதைப் போட எனக்கு நேரமானது. அவர் அவசரப்படுத்தவில்லை.

அந்த வாரமே நாங்கள் ஒரு விதியை மாற்றினோம். அதுவரை ஒரு நோட்டில் நாள் கணக்கு எழுதிவந்தோம். ஓர் இழுப்பு இழுத்தாலும் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். கண்டிப்பாக இருந்தால் உறுதி வரும் என்று நம்பித்தான் அப்படி வைத்தோம். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்குப் பயந்துதான் நான் மறைத்தேன். விசாரித்தால், வேறொருவரும் இரண்டு முறை மறைத்திருந்தார். இப்போது இரண்டு எண்கள் எழுதுகிறோம்: கடைசிச் சிகரெட்டிலிருந்து எத்தனை நாள், இந்த ஆண்டில் புகையில்லாமல் கழித்த நாள் மொத்தம் எத்தனை. சறுக்கினால் முதல் எண் மட்டும்தான் விழும். என் எட்டு மாதத்தை யாரும் அழிக்கவில்லை. அந்த நாட்களில் என் நுரையீரலுக்குள் புகை போகவில்லை என்பது நடந்த உண்மை.

பற்றவைப்பதற்கு முன் கூப்பிட வேண்டும்

துணை இருந்தும் பலர் தோற்பதற்குக் காரணம் நேரம் தவறிக் கூப்பிடுவது. பிடித்து முடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பதுபோலக் கூப்பிடுகிறார்கள். திடீரென்று எழும் வேட்கை பொதுவாகச் சில நிமிடங்களே நீடிக்கும். ஒரு தொலைபேசிப் பேச்சின் நீளம்தான் அது. விளக்கம் எதுவும் வேண்டியதில்லை. "அண்ணா, பெட்டிக்கடை முன்னால் நிற்கிறேன்" என்றால் போதும், எதிர்முனைக்குப் புரிந்துவிடும்.

எதிர்முனையில் இருப்பவர் செய்கிற தவறு அறிவுரை சொல்லத் தொடங்குவது. புற்றுநோய் வரும், குழந்தைகளை நினைத்துப் பாருங்கள் என்பதெல்லாம் நிற்பவருக்குத் தெரியாததா? பாக்கெட்டின் மேலேயே படம் போட்டிருக்கிறது. அப்போது கேட்க வேண்டியது, "எந்தப் பக்கம் நடந்தால் கடை கண்ணில் படாது?" நடக்கச் சொல்லுங்கள். நடக்கும்வரை ஊர்க்கதை பேசுங்கள், மழை பெய்ததா என்று கேளுங்கள்.

குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது வேலைக்கு ஆகாது. பதில் வருவதற்குள் பற்றவைத்திருப்பீர்கள். ஒரே ஒரு எண்ணை நம்புவதும் கூடாது. அவர் தூங்கிக்கொண்டிருக்கலாம், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம். துணைக்கு ஆளே இல்லாதவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணைப் பகல் நேரத்தில் அழைக்கலாம். நம் நாட்டில் விற்கும் புகையிலைப் பாக்கெட்டுகளின் மேலேயே அச்சிட்டிருக்கும் தேசிய உதவி எண் அது. வருடக்கணக்கில் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே பிடித்தவன் நான்.

சேர்ந்து விடுவதன் வலிமை, அதன் ஆபத்து

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் நடந்த நீண்டகால இதயநோய் ஆய்வின் பதிவுகளை எடுத்து, நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் ஆகிய இருவர் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1971 முதல் 2003 வரை, 12,067 பேர். கணவன் மனைவியில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36 சதவீதம், உடன்பிறந்தவர் விட்டால் 25 சதவீதம், சிறிய நிறுவனத்தில் கூட வேலை செய்பவர் விட்டால் 34 சதவீதம். தனித்தனி ஆட்களாக இல்லாமல், ஒருவரோடொருவர் பழகும் கூட்டம் கூட்டமாகவே மக்கள் புகையை விட்டிருந்தார்கள்.

நூல்களையும் கையேடுகளையும் படித்துத் தாமாக முயல்கிறவர்களைவிட, ஆலோசகர் நடத்தும் குழுவில் சேர்ந்து முயல்கிறவர்கள் வெற்றிபெறும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று மருத்துவ ஆய்வுகளின் தொகுப்பும் சொல்கிறது.

ஆனால் கூட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. எங்களில் இருவர் பால்ய நண்பர்கள். ஒருவருக்கொருவர் மட்டுமே சாட்சியாக இருந்தார்கள். ஒருவர் கோயில் திருவிழாவில் பிடித்ததும் இரண்டு நாளில் மற்றவரும் பிடித்தார். "அவனே பிடிக்கிறான், எனக்கென்ன" என்றார். துணை என்றால் குறைந்தது மூன்று, நான்கு பேராவது வேண்டும். அவர்களில் ஒருவராவது விட்டு ஓராண்டு கடந்தவராக இருந்தால் நல்லது.

மது அருந்தும் இடத்துக்கு "நான் பிடிக்கமாட்டேன், சும்மா உட்கார்ந்திருப்பேன்" என்று போவதும் அப்படித்தான். உறுதியை முதலில் கரைப்பது மதுதான். முதல் சில மாதங்களாவது அந்த இடத்தைத் தவிருங்கள். சிகரெட்டுக்குப் பதில் பீடி, மெல்லும் புகையிலை என்று மாறுவதும் விட்டதாகாது.

சூயிங்கத்தைக் கேலி செய்யாதீர்கள்

"நான் மனவலிமையால் ஒரே நாளில் விட்டேன், இவர் இன்னும் சூயிங்கம் மென்றுகொண்டிருக்கிறார்" என்று பேசுகிறவர் குழுவில் ஒருவர் இருந்தால் போதும், இரண்டு பேர் காணாமல் போவார்கள். நிகோடின் சூயிங்கம் மருந்து. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளும் உண்டு. அவற்றால் விட்டவர் எவருக்கும் குறைந்தவர் இல்லை.

அந்தச் சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய்போல மென்றுகொண்டே இருந்தால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போகும். விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். மெதுவாக மென்று, காரமாகச் சுரீர் என்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். மெல்லும்போதும் அதற்குக் கால்மணி நேரம் முன்பும் காபி, எலுமிச்சைச் சாறு போன்றவை வேண்டாம். வாயில் புளிப்பு ஏறினால் நிகோடின் உறிஞ்சப்படாது.

காபியைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். புகை நம் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிட்டிருக்கிறது. காபியில் உள்ள கஃபீனைச் சீக்கிரம் கழித்தது அதுதான். புகை நின்றதும் நொதி அடங்கும், அதே நான்கு டம்ளர் காபி உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். நெஞ்சு படபடக்கிறது, இரவில் தூக்கமில்லை, சிகரெட் இல்லாததால்தான் என்று நாம் நினைப்போம். காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநலத்துக்கு ஒலான்சபின் போன்ற மருந்துகள் எடுப்பவர்களுக்கும் இதே காரணத்தால் அளவு மாற்ற வேண்டியிருக்கலாம். புகையை விடுவதை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

எடையும் கூடும். முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ. அதற்காகத் திரும்பப் பற்றவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓராண்டுக்குப் பிறகு

ஓராண்டு கடந்ததும், புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். அந்த நாளில் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. அவர் போனதும், விட்டு ஓராண்டானவர் எப்படி இருப்பார் என்று புதிதாக வந்தவர்கள் கண்ணால் காண ஆள் இல்லாமல் போகிறது. அவருக்கும் அடுத்த சாவு வீட்டில் கூப்பிட எண் இருக்காது.

போன மாதம் இரவு ஒன்பதரைக்கு எனக்கு ஓர் அழைப்பு வந்தது. விட்டு ஏழு மாதமான ஒருவர். நகை அடகுக்கடையில் வேலை பார்ப்பவர், வயதில் என்னைவிடப் பெரியவர்.

"தம்பி, தூங்கிவிட்டீர்களா?"

"இல்லை அண்ணா. எங்கே நிற்கிறீர்கள்?"

"பஸ் நிலையத்தில். மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வருகிறேன். வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை. எதிரே கடை திறந்திருக்கிறது."

"கடைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள் அண்ணா. மகள் என்ன பாடம் எடுத்திருக்கிறாள்?"

சொல்லத் தொடங்கினார். விடுதி அறையில் ஜன்னல் சிறியதாம், கட்டிலுக்குக் கொசுவலை கட்ட ஆணி இல்லையாம். பின்னால் நடத்துனரின் விசில் கேட்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.