நகரக் கழிவுநீரிலிருந்து பாக்டீரியோபேஜைப் பிரித்தெடுக்கும் முறை

பாக்டீரியா செறிந்த இடத்தில் அவற்றைத் தாக்கும் வைரசான பாக்டீரியோபேஜும் (சுருக்கமாக ஃபேஜ்) செறிந்திருக்கும் என்பதால், நகரக் கழிவுநீரில் ஃபேஜ் கிடைக்குமா என்று ஐயப்பட வேண்டியதில்லை. எந்த ஃபேஜ் கைக்கு வரும் என்பது நாம் ஓம்புயிராக, அதாவது ஃபேஜ் தாக்கிப் பெருகும் உயிராக, வைக்கும் பாக்டீரியாவைப் பொறுத்தது. ஆகவே அதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பயிற்சிக்கு, நோய் உண்டாக்காத ஆய்வக ஈ.கோலை வகை போதும்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நீர் நுழையும் இடத்தில், அனுமதி பெற்று, கிருமி நீக்கிய புட்டியில் 100 மி.லி. எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். புட்டியைத் திறக்கும்போது துளி தெறிக்கக்கூடும்; கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

பாக்டீரியாவின் பன்மையையும் அறிய விரும்புவோர், வடிகட்டுவதற்கு முன்பே ஒரு பங்கை உறையவைத்து, பின்னர் டி.என்.ஏ. பிரித்து, பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவை வரிசைப்படுத்தலாம். காற்றில் வைத்த பாக்டீரியா வளர்ப்புத் தட்டை மட்டும் நம்பினால், ஆக்சிஜனில் வளராத பாக்டீராய்டீஸ் போன்ற குடல் பாக்டீரியாக்கள் கணக்கில் வராமலே போய்விடும்.

மீதி நீரை மையவிலக்குப் பொறியில் சுழற்றி, தெளிந்த மேல்நீரை முதலில் 0.45, பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்த வேண்டும். அடைத்துக்கொண்டதென்று ஊசிக்குழலை வலிந்து அழுத்தினால் சவ்வு கிழிந்து பாக்டீரியாவும் சேர்ந்து இறங்கும். வடிநீரில் ஒரு துளியைத் தட்டில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஃபேஜ் குறைவாக இருக்கும் என்று தோன்றினால், வடிநீருடன் சம அளவு இரட்டைச் செறிவு வளர்ப்பு ஊடகமும், விரைந்து பெருகும் நிலையிலுள்ள ஓம்புயிரும், சிறிது கால்சியம் குளோரைடும் சேர்த்து 37 டிகிரியில் இரவு முழுவதும் குலுக்கலாம். ஆனால் இதில் வேகமாகப் பெருகும் ஃபேஜே மற்றவற்றை அமுக்கிவிடும். வகைகளைக் காண விரும்புவோர் இந்தப் படியைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்து, படிப்படியாகப் பத்து மடங்கு நீர்த்த வடிநீரில் 0.1 மி.லி. எடுத்து, அதே அளவு ஓம்புயிருடன் கலந்து, பத்து நிமிடம் கழித்து 3 மி.லி. இளகிய அகாரில் (கடற்பாசிக் கூழ், 0.6 சதவீதம்) சேர்த்து, கெட்டி அகார் தட்டின்மேல் ஊற்ற வேண்டும். அகாரின் சூடுதான் பலரையும் ஏமாற்றும் இடம்: 45 டிகிரியை விட மிகுந்தால் ஓம்புயிர் சாகும், ஆறினால் ஊற்றும்போதே கட்டிதட்டும். ஒப்பிட்டுப் பார்க்க, ஃபேஜ் சேர்க்காத ஒரு தட்டையும் உடன் வைக்க வேண்டும்.

மறுநாள், மங்கலான பாக்டீரியாப் படலத்தில் ஃபேஜ் பாக்டீரியாவை அழித்த இடங்கள் ஊசி குத்தியதுபோல் தெளிவட்டங்களாகத் தெரியும். 30 முதல் 300 வரை வட்டங்களுள்ள தட்டையே எண்ணிக்கைக்குக் கொள்ள வேண்டும். கண்ணாடிபோல் தெளிந்தவை பெரும்பாலும் ஓம்புயிரை உடனே சிதைப்பவை. நடுவில் மங்கலானவை ஓம்புயிரின் மரபணுத்தொகுதியில் ஒட்டி வாழக்கூடியவையாக இருக்கலாம். தனித்து நிற்கும் ஒரு வட்டத்தின் நடுவைக் குத்தி எடுத்து, மூன்று முறை மீண்டும் தட்டிலிட்ட பிறகே அது தூயது எனக் கொள்ளலாம்.

தூய ஃபேஜை 4 டிகிரியில் சேமிக்கும்போது குளோரோஃபார்ம் சேர்த்த குப்பி ஒன்றும் சேர்க்காத குப்பி ஒன்றும் வைக்க வேண்டும். கொழுப்பு உறையுள்ள ஃபேஜ்கள் குளோரோஃபார்மில் செயலிழந்துவிடும். பயன்படுத்திய தட்டுகளையும் மிஞ்சிய கழிவுநீரையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கம்) செய்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.