தாயம்: விழுந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது?

தாயத்தை வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கட்டை உருள்வது நம் கையில் இல்லைதான். விழுந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்பது முழுக்க நம் கையில். ஆட்டமே அங்கேதான் இருக்கிறது.

தில்லி ஆர்.கே.புரத்தில், குளிர்கால வெயிலுக்கு எல்லோரும் மொட்டை மாடி ஏறும் நேரத்தில், பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கிறேன். வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கும் இரவில் மட்டும் வீட்டுக்குள், ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆடுவோம். லூடோ தெரிந்த பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய அந்த லூடோவும் இங்கிருந்து போன பச்சீசி ஆட்டம்தானே!

தரையில் சாக்பீஸால் ஏழுக்கு ஏழு, 49 கட்டம் போடுங்கள். வெளிச்சுற்றின் நாலு பக்கத்திலும் நடுக்கட்டத்துக்குப் பெருக்கல் குறி. அது மலை, அங்கே நிற்கும் காயை வெட்ட முடியாது. அவரவர் பக்கத்து மலையில்தான் காய் இறங்கும். வெளிச்சுற்றை முடித்து, உள்ளே திரும்பி, சுற்றுச் சுற்றாக மொத்தக் கட்டங்களின் நட்டநடுக் கட்டம் சேர்ந்தால் பழம். எதிராளியின் ஒரு காயையாவது வெட்டியிருந்தால்தான் உள்ளே போகலாம். ஆளுக்கு நாலு காய்: எனக்கு ராஜ்மா, எதிரே இருப்பவருக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை.

பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு முகம்: வெறுமை, ஒரு புள்ளி, இரண்டு, மூன்று. உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து, விரித்த ஜமுக்காளத்தின் மேல் உருட்டுங்கள். சிமென்ட் தரையில் விளிம்பு அடிபடும். ஒரு வெறுமையும் ஒரு புள்ளியும் விழுந்தால் தாயம், அதாவது ஒன்று. இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு, இந்த நாலுக்கும் மறுபடி உருட்டலாம். எல்லாம் உருட்டி முடித்த பிறகுதான் காயைத் தொட வேண்டும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எட்டில் ஒரு வாய்ப்பு. சின்னப் பிள்ளைகள் காத்திருந்து வாடிப்போவார்கள், அவர்களை ஐந்துக்கும் இறங்க விடுகிறேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் மூன்று வர நாலு வழி. இரண்டுக்கும் நாலுக்கும் மும்மூன்று வழி, தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறும் பன்னிரண்டும் ஒரே ஒரு வழியில்தான் விழும். ஆகவே எதிராளியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் போய் நிற்காதீர்கள். கழுத்தை நீட்டுவது மாதிரிதான். ஏழிலிருந்து பதினொன்று வரை ஒரே உருட்டலில் விழவே விழாது. தாயமோ ஐந்தோ ஆறோ விழுந்து, அடுத்ததும் சரியாக அமைய வேண்டும். மலை எட்டாதபோது நிற்பதற்கு அந்தத் தூரம்தான் நல்லது.

இப்போது உங்களுக்கு ஐந்து விழுந்து, மறுபடி உருட்டியதில் இரண்டு விழுகிறது என்று வையுங்கள். ஒரே காயை ஏழு கட்டம் ஓட்டத்தான் கை பரபரக்கும். பொறுங்கள், கட்டத்தை ஒரு முறை முழுதாகப் பாருங்கள். முன்னே போன ராஜ்மாவுக்கு மலை ஐந்தாவது கட்டத்தில். பின்தங்கிய ராஜ்மாவுக்கு இரண்டாவது கட்டத்தில் ஒரு கொண்டைக்கடலை. ஐந்தை முன்னதற்குக் கொடுத்து மலையேற்றுங்கள், இரண்டால் வெட்டுங்கள். வெட்டியதற்கு இன்னொரு உருட்டலும் உண்டு. ஆனால் விழுந்த எண்ணை உடைக்கக் கூடாது. ஐந்தை மூன்றும் இரண்டுமாகப் பிரிப்பதை நான் அனுமதிப்பதில்லை.

பழமாவதற்குச் சரியான எண்தான் விழ வேண்டும். நடுக்கட்டத்துக்கு ஒரு கட்டம் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினால் தாயத்துக்காகத் தவம் கிடக்க வேண்டியதுதான். மூன்று கட்டம் தள்ளி நிறுத்துங்கள், நாலில் ஒரு வாய்ப்பு. அப்புறம், கடைசிவரை ஒரு காயாவது வெளிச்சுற்றில் இருக்கட்டும். உள்ளே பயன்படாத ஆறையும் பன்னிரண்டையும் அது வாங்கிக்கொள்ளும்.