ஜிப்ஸியை உயர்த்தப் போகிறீர்களா? முதலில் ஸ்டீயரிங்கைப் பாருங்கள்

மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் பலர் முதல் வேலையாக வண்டியை உயர்த்த நீள ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் இரும்புத் தகடு) வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஸ்டீயரிங் ஞாபகம் வருவது வண்டி ரோட்டில் ஆட ஆரம்பித்த பிறகுதான். என் வண்டிக்கும் அதுதான் நடந்தது. ஒரு பட்டறையில் 4 அங்குலம் கூடுதல் நீளத்தில் ஷேக்கிள் போட்டுக் கொடுத்தார்கள், பார்க்க நன்றாக நின்றது, ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னக் குழியில் முன்சக்கரம் இறங்கியதும் ஸ்டீயரிங் உதற ஆரம்பித்து, ஓரம் கட்டி நிறுத்தும்வரை அடங்கவேயில்லை. அன்றே அந்த ஷேக்கிளைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டிலேயே நிதானமாகச் செய்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும், இன்ஜின் ஓட வேண்டாம். ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாக அசைக்க, நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு டை ராடு எண்டையும் (ஸ்டீயரிங் கம்பிகளின் முனையில் இருக்கும் மூட்டு) கையால் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரியும். அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் கிங் பின் பேரிங் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சில் இருப்பது) அல்லது ஹப் பேரிங் (சக்கரம் சுழலும் இடத்தில் இருப்பது)தான் காரணம். ஜிப்ஸியில் கிங் பின்னுக்கு இடையே வைத்திருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றைக் குறைத்தால் பேரிங் இறுகும், ஆனால் பேரிங் தேய்ந்திருந்தால் தகடு எடுத்துப் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். இதெல்லாம் சரியாகும்வரை ஒரு ஷேக்கிளையும் தொடாதீர்கள்.

அடுத்து ஸ்பிரிங். ஜிப்ஸி கல்லு மாதிரி குதிக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள், உடனே ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளில் ஒன்றைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றினால் மெத்தென்று இருக்கும், உண்மைதான், ஆனால் உயரமும் இறங்கிவிடும். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு மலிவான வேலை இருக்கிறது. ஸ்பிரிங் கட்டை இறக்கி, சி கிளாம்பால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றுங்கள், கிளாம்பை மெதுவாகத் தளர்த்தினால் பட்டைகள் தனித்தனியாக வந்துவிடும். இடையில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, ஒவ்வொரு பட்டையின் நுனியும் மேல் பட்டையைக் குத்தாதபடி கிரைண்டரில் லேசாக மழுக்கி, கிராஃபைட் கிரீஸ் தடவித் திரும்பக் கட்டுங்கள். துருப்பிடித்த பட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நகராமல் இருப்பதுதான் பாதிக் குதிப்புக்குக் காரணம். பட்டையில் கேஸ் வைத்துச் சூடாக்கவோ வெல்டிங் வைக்கவோ கூடாது, அதன் வலுவே போய்விடும்.

இப்போது உயரம். ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி 1 அங்குலம்தான் உயரும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டும்தான் இறங்குகிறது. வீட்டில் செய்வதென்றால் அந்த 1 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஆக்ஸிலைத் தனியாக ஒரு ஜாக்கியில் தாங்குங்கள். ஆக்ஸிலின் பாரம் பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும், பழையது ஏற்கெனவே இழுபட்டிருக்கும். ஸ்பிரிங் முனைகளில் ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நின்ற பிறகு கடைசியாக இறுக்குங்கள், அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

ஜிப்ஸியில் முன் ஷேக்கிள் வண்டியின் மூக்குப் பக்கம் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்ஸிலின் மேல்பக்கம் முன்னால் சாய்ந்து கேஸ்டர், அதாவது சக்கரத்தைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் கிங் பின் அச்சின் பின்சாய்வு, குறையும். என் ஸ்டீயரிங் உதறியதற்குக் காரணமும் அதுதான், தேய்ந்த டை ராடு எண்டு அதை இன்னும் மோசமாக்கியிருந்தது. எனவே வேலைக்கு முன்பே சமதரையில் நிறுத்தி, டிஃபரன்ஷியலின் ஒரு தட்டையான முகத்தில் மொபைலின் கோணமானியை வைத்து அளவை எழுதிக்கொள்ளுங்கள். உயர்த்திய பிறகு அதே இடத்தில் திரும்ப அளந்தால் வரும் வித்தியாசம்தான் நீங்கள் இழந்த கேஸ்டர். அந்த அளவுக்கு இரும்பு ஆப்பு ஒன்றை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே, தடித்த முனை மூக்குப் பக்கம் இருக்குமாறு வையுங்கள். அலுமினிய ஆப்பு வேண்டாம், நசுங்கி உடையும். ஆப்பின் வழியாகப் போகும் அளவுக்கு நீளமான சென்டர் போல்ட் வேண்டும். ஆப்பு வைத்ததும் பினியன் (டிஃபரன்ஷியலில் புரொப்பல்லர் ஷாஃப்ட் இணையும் முனை) சற்று இறங்கும், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் கையால் சுற்றும்போது எங்கும் இடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உயர்த்தியதும் ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும். வீலைக் கழற்றி நேராக மாட்டாதீர்கள். ஸ்டீயரிங் பாக்ஸின் இறுக்கமான இடம் நடுவில்தான் இருக்கிறது, அதை விட்டு விலகினால் நேராகப் போகும்போதே ஆட்டம் வரும். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க்கின் நீளத்தைச் சரிசெய்துதான் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு இரண்டு முன்டயரிலும் சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டு கோடுகளுக்கும் இடையிலான தூரத்தை ஆக்ஸில் உயரத்தில் டயரின் முன்னும் பின்னும் டேப் வைத்து அளந்து பாருங்கள். முன்பக்கம் 2-லிருந்து 4 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் போதும்.

ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றி ஒரேயடியாக 5 அங்குலம் உயர்த்துபவர்களும் உண்டு. அப்போது டிராக் லிங்க் ஸ்பிரிங்கில் இடிக்கிறதென்று அதை வெட்டி வளைத்து வெல்டிங் வைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வளைந்த ராடு அழுத்தம் வரும்போது வில் மாதிரி வளைந்து கொடுக்கும், வெல்டிங் விட்டால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. அதற்கு நக்கிளின் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) மேல் பொருத்தும் தனி ஆர்ம் வேண்டும், அது வீட்டு வேலை இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, ஆகவே பொதுச் சாலையில் ஓட்டும் வண்டியில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ.வில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு முன்சக்கரத்தை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். தொங்கும் பக்கத்தில் பிரேக் ஹோஸ் விறைக்கக் கூடாது, ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்டு நிற்கக் கூடாது. அமுங்கிய பக்கத்தில் ஷாக் முட்டுவதற்கு முன் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் முட்டு முட்ட வேண்டும். 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு யூ போல்ட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள், புதிய போல்ட் கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.